செடி ஆராய்ந்தவருக்குக் கருவைப் பற்றி என்ன தெரியும்?

ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அக்காவும் மாமாவும் சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்குப் போய் வருகிறார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். அங்கே மரபியல் ஆலோசகர் என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மையத்தின் கையேட்டில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறதாம். 2009ல் பி.எச்டி., 180க்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள், துறைகள்: மரபியல், தாவர அறிவியல், இனப்பெருக்க மருத்துவம். ‘மல்லிகையையும் மரவள்ளியையும் ஆராய்ந்தவர் எங்க அக்கா கருவைப் பத்தி என்ன சொல்லப் போறார்? இந்தப் பட்டியலை எப்படிப் படிக்கிறது, நம்பலாமா?’ என்று கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு கல்லூரியில் 31 வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். குரோமோசோம் எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் அக்காவுக்கு எந்தச் சிகிச்சை சரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஓர் ஆய்வுப் பட்டியலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்று துறைகள் சேர்ந்து கிடப்பதைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள், தம்பி. என்னை உறுத்துவது அந்த 180தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏற்காட்டுக்கு வருஷா வருஷம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். பொட்டானிக்கல் சர்வேயின் ஆர்க்கிட் தோட்டம் அங்கே 1963லிருந்து இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, தெரிந்த காப்பித் தோட்டத்தில் கேட்டு வேர் நுனி எடுப்போம். காலையில் எடுத்தால் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் நிறையக் கிடைக்கும். அதைக் கோல்சிசின் என்ற, செல் பிரிவதை நிறுத்தும் மருந்தில் ஊறவைக்க வேண்டும். பிறகு மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கலவையில் போட்டு, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் குரோமோசோம்கள் பரவித் தெரியும். அராபிகாவில் 44, ரொபஸ்டாவில் 22. காப்பிக் குரோமோசோம் பொடிப்பொடியாக இருக்கும். பசங்களில் பாதிப் பேர் 40ஐத் தாண்ட மாட்டார்கள்.

உங்கள் அக்காவுக்கும் மாமாவுக்கும் கேரியோடைப் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த லேபில் நடப்பது கிட்டத்தட்ட இதே சமையல்தான். வெள்ளை அணுக்களை வளர்த்து, கோல்சிசின் வகை மருந்தால் செல் பிரிவதைப் பாதி வழியில் நிறுத்தி, அதே மூன்றுக்கு ஒன்று கலவையில் போட்டு (அங்கே எத்தனாலுக்குப் பதில் மெத்தனால்), தகட்டில் சொட்டவிட்டு எண்ணுகிறார்கள்.

இரண்டும் ஒத்துப்போவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மனிதனுக்குக் குரோமோசோம் 48 என்று 1923ல் ஒருவர் எண்ணிச் சொல்லி, முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அதைப் பாடப் புத்தகத்தில் படித்தது. 46தான் என்று 1956ல் எழுதியவர்கள் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவன் என்ற இருவர். வேலை நடந்தது சுவீடனில் லுண்ட் ஊரில். லெவன் வெங்காய வேரில் கோல்சிசினைச் சோதித்துப் பெயர் வாங்கியவர். சியோ ஜாவாவில் வேளாண்மை படித்து, உருளைக்கிழங்கில் வேலை தொடங்கியவர். இரண்டு பேருமே செடிக்காரர்கள்! உப்புச் செறிவு குறைந்த நீரில் செல்லை ஊதவைக்கும் உத்தியை அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதோடு, தகட்டில் அழுத்திப் பரப்பும் தாவரவியல் பழக்கத்தையும் கோல்சிசினையும் சேர்த்ததும் படம் தெளிவாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1959ல், விந்தணு உருவாகாத ஆண்களில் சிலருக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. இன்றைக்கும் விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் கேரியோடைப் எழுதுவது அதனால்தான். அந்தக் கோல்சிசினோ நம் ஊர் வேலியோரம் பூக்கும் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று அதைப் பயிரிட்டு விதை விற்கிறவர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரியுமோ என்னவோ.

சோதனைக்குழாய்க் குழந்தை கதையும் அப்படித்தான். அதற்காக 2010ல் நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் எட்வர்ட்ஸ் மருத்துவரே இல்லை. வேல்ஸில் முதலில் வேளாண்மை படிக்கச் சேர்ந்து, பிறகு விலங்கியலுக்கு மாறி, எடின்பரோவில் எலிகளின் மரபியலில் 1955ல் பட்டம் வாங்கியவர். மனிதக் கருமுட்டை உடலுக்கு வெளியே கருவுறும் என்று அவரும் கூட்டாளிகளும் எழுதியது 1969ல். குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978 ஜூலை 25. கருவை வளர்த்த லேபில் அவருடைய வலது கையாக இருந்த ஜீன் பர்டி, நர்ஸ் படிப்பு படித்தவர். இந்த இருவரின் பயோடேட்டாவையும் இன்றைக்கு யாராவது உங்களிடம் நீட்டினால் ‘வேளாண்மை, எலி, நர்சிங், இவங்களுக்கு என்ன தெரியும்’ என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

அதற்கும் முன்னால், 1962ல், டெல்லி பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியும் அவருடைய குழுவினரும் அபினிச் செடியின் சூல்களைப் பிரித்தெடுத்து, ஊட்டக் கரைசலில் வைத்து, மேலே மகரந்தத்தைத் தூவி, கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே கருவுறச் செய்து விதை வரைக்கும் கொண்டுபோனார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே சோதனைக்குழாய்க் கருவுறுதல் என்று போட்டிருந்தார்கள். எட்வர்ட்ஸின் 1969க்கு ஏழு வருஷம் முன்னால் இது. அது நடந்த துறையின் பலகையில் எழுதியிருந்தது தாவரவியல். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன கர்வம் வரும். அதை மறைக்கவும் மாட்டேன்.

ஆகவே செடியில் தொடங்கி மரபியல் வழியாகக் கருவுக்கு வருவது நன்றாக நடந்து பழகிய பாதைதான். என்னிடம் திசு வளர்ப்பு படித்த ஒரு பெண் இன்றைக்குக் கோவைப் பக்கம் எம்பிரியாலஜிஸ்ட், அதாவது லேபில் கருவை வளர்ப்பவர். வாழைக் கன்று வளர்த்தபோது கற்ற சுத்தம்தான் இன்றும் சோறு போடுகிறது என்பாள். ஆனால் வாழைக்கு 25 டிகிரி போதும், பூசணம் பிடித்தால் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். கருவுக்கு 37 டிகிரி, கரியமில வாயு ஆறு சதவீதத்துக்கு அருகே, ஆக்சிஜன் ஐந்து. தூக்கிப் போட வேறு புட்டி கிடையாது. அவள் மூன்று வருஷம் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பிறகுதான் தனியாகக் கை வைத்தாள். உங்கள் விஞ்ஞானியிடமும் இதைத்தான் பார்க்க வேண்டும்: செடியிலிருந்து கருவுக்கு எந்த வருஷம் வந்தார், யாரிடம் வந்தார், வந்து என்ன வேலை பார்த்தார்.

சரி, இப்போது பட்டியல்.

முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். வெளிநாட்டு இதழ்கள் கடைசிப் பெயரைக் கேட்கும். ஒருவர் ஒரு கட்டுரையில் ஆர். செந்தில்குமார், இன்னொன்றில் செந்தில்குமார் ராமசாமி, மூன்றாவதில் அப்பா பெயரே அவர் பெயராகி ராமசாமி எஸ். இதைக் கணினி சேர்த்துக் கட்டும்போது நாலு செந்தில்குமார்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். என் கதையைக் கேளுங்கள். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தரவுத்தளத்தில் என் பெயரைத் தேடினேன். நான் எழுதியது மொத்தமே 23 கட்டுரை. அங்கே 61 இருந்தது. எலியின் விதைப்பையில் ஈயம் சேர்வது பற்றி ஒன்று, பிரசவ காலச் சர்க்கரை பற்றி ஒன்று, தார்ச்சாலை பற்றிக்கூட ஒன்று. நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். தார்ச்சாலை மட்டும் போயிற்று. ஆக, ‘தாவர அறிவியல், இனப்பெருக்க மருத்துவம்’ என்று இருப்பது அவருடைய பாதையாகவும் இருக்கலாம், இரண்டு பேர் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். இதற்காகவே 2012ல் ஆர்க்கிட் என்று ஒலிக்கிற ஓர் அடையாள எண் முறை வந்தது. ஏற்காட்டு ஆர்க்கிட் இல்லை, ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க எண். அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அந்தப் பக்கத்தில் அவர் எந்த நிறுவனத்தில் எந்த வருஷம் இருந்தார் என்பதையும் கட்டுரைகளோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது, துறைப் பெயர்களைப் பல இடங்களில் மனிதர்கள் போடுவதில்லை, தலைப்பில் வரும் சொற்களை வைத்துக் கணினி ஒட்டுகிறது. நெல்லில் கலப்பின விதை எடுக்க ஆண்மலட்டுச் செடி வரிசை வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால், கலப்பின ஆமணக்குக்குப் பெண்பூ மட்டும் பூக்கும் வரிசை ஏன் தேவை என்று விளக்குவார்கள். ‘ஆண்மலடு, மரபணு’ என்று தலைப்பில் இருந்தால் அது வயல் ஆராய்ச்சியா ஆஸ்பத்திரி ஆராய்ச்சியா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிஷ வேலைதான். கட்டுரையின் சுருக்கம் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். கூகுள் ஸ்காலரில் பாருங்கள், மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட்டில் பாருங்கள்.

மூன்றாவது வகைதான் நம் ஊரில் செடியும் கருத்தரிப்பும் ஒரே பட்டியலில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம்: மூலிகைச் சாறும் எலியும். பூனைக்காலி, அமுக்கரா, நெருஞ்சில் என்று ஏதாவது ஒன்றைக் காய்ச்சி எலிக்குக் கொடுத்து, விந்தணு கூடியது என்று எழுதுவார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று பாருங்கள். எலிக்கு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 52 நாள், மனிதனுக்கு 74 நாள். 14 நாளோ 21 நாளோ கொடுத்துவிட்டு உற்பத்தி கூடிவிட்டது என்றால், அவர்கள் ஒரு முழுச் சுற்றைக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை எலி, சாறு கொடுக்காத எலிகள் தனியாக இருந்தனவா, எண்ணியவருக்கு எது எந்தக் கூண்டு என்று தெரியுமா என்பதையும் பாருங்கள். முக்கியமாக, இந்த மாதிரி 40 கட்டுரை எழுதியவருக்கு எலி தெரியும், சாறு தெரியும். உங்கள் அக்காவின் ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இப்போது அந்த 180. பட்டம் வாங்கியது 2009 என்றால், மாசத்துக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டி வருகிறது. பெரிய கூட்டுத் திட்டங்களில் இருப்பவருக்கு இது நடக்கும். அப்போது அவர் பெயர் நீண்ட வரிசையின் நடுவே இருக்கும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவர். நடுவில் இருப்பவர் எவ்வளவும் செய்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். 180ல் அவர் முதலிலோ கடைசியிலோ இருப்பதை மட்டும் எண்ணுங்கள். அதில் மனிதரைப் பற்றியது எத்தனை என்று இன்னொரு முறை எண்ணுங்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டு சல்லடைக்குப் பிறகு பெரிய எண் சின்னதாகிவிடும். அந்தச் சின்ன எண் எட்டாக இருந்தாலும் எட்டும் உருப்படி என்றால் எனக்கு மரியாதைதான். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், ஆங்கிலேய விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து 1945ல் கொண்டுவந்த பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸ் ஒரே ஒரு புத்தகம். அதைப் புரட்டாமல் எங்கள் துறையில் யாரும் வேலை பார்த்திருக்க முடியாது.

காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்களும் இருக்கின்றன. எனக்கே, வேரையும் மகரந்தத்தையும் தவிர வேறெதுவும் தெரியாத எனக்கு, மகப்பேறு இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சேர அழைப்பு வந்தது. ‘மேன்மைமிகு பேராசிரியரே’ என்று தொடங்கியது. என் வீட்டில்கூட என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் பெரிய பதிப்பகம் என்பதும் உத்தரவாதம் இல்லை. 2023ல் ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட்டில் தலைப்புக்கு மேலேயே அறிவிப்பு தெரியும். மனிதர்களை வைத்துப் புதிய சிகிச்சையைச் சோதித்தேன் என்று எழுதியிருந்தால் பதிவு எண்ணைத் தேடுங்கள். இந்தியாவில் அதற்கான பதிவேடு 2007ல் வந்தது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்), மேற்கோள் எண்ணிக்கை எல்லாம் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். தனக்குத்தானே மேற்கோள் காட்டியும் அதை ஏற்றலாம் என்பதால் நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலையாகப் பேசியதாகிவிடும். கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி. மருத்துவர், உடலியங்கியலில் ஒரு முனைவர் பட்டம், எடின்பரோவில் இன்னொன்று. லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று, அவருடைய முயற்சியில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. கருவை உறைய வைத்து, பிறகு உருக்கி, வேறொரு மாதச் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். ஊசி மருந்தால் முட்டைகளைத் தூண்டினார். இன்று மையங்களில் தினமும் நடப்பது இதுதான். அவரோடு நின்றவர்களில் ஒருவர் குளிர்நிலை உயிரியல் தெரிந்த சுனித் முகர்ஜி, இன்னொருவர் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. ஆனால் பதிவு என்று பார்த்தால் பெரிய உலக இதழ்களில் எதுவும் இல்லை. மாநில அரசு போட்ட குழு அவர் சொன்னதை நம்பவில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூனில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986ல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, அதுதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று எழுதினார்கள். அந்தப் பெருமைக்கு உரிய விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார். அவரே பின்னாளில் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதல் ஆள் நான் இல்லை, அவர்தான் என்று 1997ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். தனக்குக் கிடைத்த இடத்தைத் தானே இறங்கிக் கொடுத்தார். என் மாணவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் தேர்வில் வராவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனந்த் குமாரை நம்பவைத்தது கட்டுரை எண்ணிக்கை இல்லை, தேதி போட்டு எழுதிய லேப் நோட்டு.

மையத்துக்குத் திரும்புவோம். ஆய்வுப் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சிகிச்சையின் கணக்கு ஆகாது. பலகையில் ‘டாக்டர்’ என்று இருந்தால் முனைவரா மருத்துவரா என்று தமிழிலேயே கேளுங்கள். நம் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது இந்த இடத்தில் வசதி. முனைவர் என்றால் குறைவில்லை. லேபில் கருவைப் பார்க்கவும் ரிப்போர்ட்டை விளக்கவும் அவர்தான் வேண்டும். மருந்து எழுதுவது, முட்டை எடுப்பது, கருப்பைக்குள் வைப்பது மருத்துவர் வேலை. செயற்கைக் கருவூட்டல் மையங்களுக்கான சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மையத்துக்குப் பதிவு இருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லலாம். வெற்றி விகிதம் 60, 70 என்று சொன்னால், எதில் என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, குழந்தை வீட்டுக்கு வந்ததா? சிகிச்சை தொடங்கிய எல்லாரையும் சேர்த்தா, கரு வைத்தவர்களை மட்டுமா? அக்கா வயசுக்காரர்களுக்கு எவ்வளவு? இந்த மூன்று கேள்வியில் எண் இறங்கும்.

அந்த ஆலோசகரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். முதல் தடவை பார்த்தபோது வம்சாவளி வரைந்தாரா? நீங்கள் மாமா என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா வீட்டுக்காரரை அப்படிக் கூப்பிடுவதும் உண்டு, அவர் நிஜமாகவே உங்கள் தாய்மாமனாக இருப்பதும் நம் பக்கம் உண்டு. தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே மூதாதையரின் மரபணு இரண்டு பக்கமும் வந்து சேர எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. மரபியல் படித்தவர் பேப்பரை எடுத்து வட்டமும் சதுரமும் போட்டு மூன்று தலைமுறை கேட்டிருக்க வேண்டும்: கரு கலைந்தது யாருக்கு, குழந்தையில் இறந்தது யார், சொந்தத்தில் கட்டியது யார். அதைக் கேட்டவர் என்றால் அவர் மரவள்ளியில் பட்டம் வாங்கியிருந்தாலும் உட்கார்ந்து கேட்கலாம். கேட்காமல் நேராக விலை கூடிய கருப் பரிசோதனைக்கு எழுதினார் என்றால், ஏன் என்று அக்கா கேட்கட்டும்.

கையேட்டில் இருக்கும் கட்டுரைகளில் ஐந்தாறு தலைப்பு எழுதி அனுப்புங்கள், எது வயல் எது ஆஸ்பத்திரி என்று பிரித்துச் சொல்கிறேன். அவர் பெயரோ மையத்தின் பெயரோ வேண்டாம்.